தெருப் பக்கத்து வாசக்கால்

எங்கள் வீட்டுக்குத் தெருவைப் பார்த்து இரண்டு வாசல்கள். புதிதாக வருகிறவர்கள் இரண்டாவது வாசலைப் பார்த்துவிட்டு, "வாடகைக்கு விட்டிருக்கீங்களா?" என்பார்கள். இல்லை, அங்கே என் அம்மா இருக்கிறாள் என்பேன். அடுத்த கேள்வி உடனே வரும். "உள்ளே வழி இருக்கா?" இல்லை என்பேன். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். முகத்தை மட்டும் ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள். பெற்றவளை வெளியே வைத்துச் சுவர் எழுப்பியவள் என்று அந்த முகம் சொல்லும். அந்தச் சுவரை எழுப்பியது நான் இல்லை. அது எப்படி எழும்பியது என்பதை நடந்த வரிசையில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

மனை சேலையூரைத் தாண்டி, மாடம்பாக்கம் போகும் சாலையை ஒட்டி இருந்தது. 2003 ஆவணியில் கடைக்கால் தோண்டினோம். அது தண்ணீர்ப் பஞ்சத்து வருடம். லாரி வந்தால்தான் கலவை; லாரி வராத நாளில் மேஸ்திரி வேப்ப மரத்தடியில் படுத்துவிடுவார். நாங்கள் மேற்குத் தாம்பரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவருக்குக் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. நான் தாம்பரத்திலேயே ஒரு பள்ளியில் சரித்திர ஆசிரியை. வீடு கட்டும் பொறுப்பு என்னிடம் வந்ததற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. எனக்குப் பள்ளி விடும் நேரம் ஒன்றுதான். அவருக்கு வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும்.

மொத்தமாக ஒரே ஆளிடம் விடாதீர்கள், தனித்தனியாகப் பிரித்துக் கொடுங்கள், அப்போதுதான் வேலை சுத்தமாக இருக்கும் என்று ஸ்டாஃப் ரூமில் வீடு கட்டி முடித்த எல்லோரும் சொன்னார்கள். அப்படியே செய்தோம். கொத்து வேலைக்கு ஒரு மேஸ்திரி. கதவு, ஜன்னலுக்கு ஓர் ஆசாரி. ஒயரிங்குக்கு ஓர் எலக்ட்ரீஷியன். குழாய்க்கு ஒரு பிளம்பர். பிளான் போட்ட எஞ்சினியர் அனுமதி வாங்கிக் கொடுத்ததோடு விடைபெற்றுக்கொண்டார். பிரித்துக் கொடுப்பதில் உள்ள சிக்கலை ஸ்டாஃப் ரூமில் யாரும் சொல்லவில்லை. ஒரு சுவரை அரை அடி நகர்த்தினால் நான்கு பேரிடம் சொல்ல வேண்டும். மூன்று பேரிடம் சொல்லி நான்காமவரை விட்டுவிட்டால், அவர் பழைய இடத்திலேயே தன் வேலையை முடித்துவிட்டு, "எங்கிட்ட யாரும் சொல்லலியே" என்பார்.

ஆரம்பத்தில் அப்படி ஒன்று நடந்தது. சமையலறைத் தொட்டியை ஜன்னல் பக்கம் மாற்றினேன். பிளம்பர் பழைய மூலையில் குழாயை இறக்கியிருந்தார். அதன் பிறகு ஒரு விதி செய்தேன். எந்த மாற்றமானாலும் ஞாயிற்றுக்கிழமை காலை நான்கு பேரும் ஒன்றாக நிற்கும்போது சொல்வேன். அப்படிச் சொன்னதுதான் மாற்றம். தனியாக யாரிடம் யார் சொன்னாலும், நானே சொன்னாலும், செல்லாது. பள்ளியிலிருந்து வண்ணச் சாக்பீஸ் கொண்டுபோவேன். குழாய்க்கு நீலம், ஒயருக்கு மஞ்சள், உடைக்க வேண்டியதற்குச் சிவப்பு. கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதிவிடுவேன். தேதி எழுதாமல் எதையும் முடிப்பது எனக்கு வராது.

மேஸ்திரிக்கு இது ஒரே வேடிக்கை. "டீச்சரம்மா செவுத்தையே போர்டு ஆக்கிட்டாங்க. முழுப் பரீட்சை எப்போனு மட்டும் சொல்லிடுங்க, படிச்சிட்டு வரோம்."

"உனுக்கு இன்னா, ஃபெயிலானா மறுபடியும் பூசுவ," என்றார் ஆசாரி. "நான் மரத்த அறுத்துட்டா ஒட்ட முடியுமா?"

எலக்ட்ரீஷியன் இளைஞன், அதிகம் பேசமாட்டான். பிளம்பர் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் வாங்கி வருவேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குப் பிடித்திருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. நால்வரும் என் ஆட்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அம்மா அப்போது நங்கநல்லூரில் அண்ணன் வீட்டில் இருந்தாள். அப்பா காலமாகி வெகு நாட்கள். அவருடைய ரயில்வே பென்ஷன் அவளுக்கு வந்துகொண்டிருந்தது. 2004 தை மாதம் அண்ணனுக்குப் புனேவுக்கு மாற்றல் வந்தது. அம்மாவும் வரட்டும் என்றுதான் அண்ணி சொன்னாள். "அந்தக் குளிர் எனக்கு ஒத்துக்காது," என்று அம்மா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

"அப்ப எங்ககூட வந்துடு," என்றேன்.

"பார்க்கலாம்," என்றாள்.

அம்மாவுக்கு வேண்டாம் என்றால் வேண்டாம் என்று உடனே வந்துவிடும். ஆகவே பார்க்கலாம் என்றால் சரி என்று பொருள். நாற்பது வருடம் அவளைப் பார்த்தவள் என்ற உரிமையில் அப்படி எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு அப்போது தளம் போட்டாகிவிட்டது. பிளானில் முன்பக்கம், சாப்பாட்டு ஹாலை ஒட்டி, கார் நிறுத்த ஒரு போர்டிகோ இருந்தது. எங்களிடம் இருந்தது ஒரு ஸ்கூட்டர். போர்டிகோவைச் சுற்றிச் சுவர் எழுப்பி அம்மாவுக்கு அறையாக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை என் சாக்பீஸ் பெட்டியில் பாதி தீர்ந்தது. தெருப் பக்கம் ஒரு பெரிய ஜன்னல். ஒட்டினாற்போல ஒரு குளியலறை. உள்ளே போகப் படி கூடாது, கால் இடறக் கூடாது. அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் வெஸ்டர்ன் டாய்லெட், பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி. கட்டிலில் படுத்தபடி கையெட்டும் இடத்தில் சுவிட்ச். எல்லாவற்றையும்விட முக்கியம், சாப்பாட்டு ஹால் சுவரை வெட்டி ஒரு கதவு. அந்தக் கதவைத் திறந்தால் எதிரே என் சமையலறை தெரியும். நான் தோசை வார்த்துக்கொண்டே பேச வேண்டும், அவள் கட்டிலில் இருந்தபடியே பதில் சொல்ல வேண்டும். ராத்திரி அவள் இருமினால் எனக்குக் கேட்க வேண்டும். அந்த அறையைக் கட்டியதே இதற்காகத்தான். அந்தக் கதவு இல்லாவிட்டால் அது அறையே இல்லை.

சுவரை வெட்டினார்கள். ஆசாரி கதவு நிலையை நிறுத்தினார். வேங்கை மரம், நானே தேர்ந்தெடுத்தது. அதன் தலையில் அன்றைய தேதியை எழுதினேன்.

பங்குனியில் எனக்கு அம்மை போட்டுவிட்டது. வகுப்பில் வரிசையாகப் பிள்ளைகளுக்கு வந்து, கடைசியில் எனக்கு. வாடகை வீட்டு வாசலில் வேப்பிலை கட்டினார்கள். அம்மாவுக்குச் சிறு வயதிலேயே வந்துபோனதால் அவள்தான் ஒயர்கூடையோடு வந்து இறங்கினாள். கூடையில் எப்போதும்போல அரிசி, பருப்பு, கொஞ்சம் மிளகாய். என் வீட்டுக்கு அவள் வெறுங்கையோடு வந்ததே கிடையாது. "வர்ற வழியில மலிவா கிடைச்சுது," என்பாள். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுவது அவள் வழக்கத்தில் இல்லை. அதைப் பாசம் என்று மட்டுமே நான் புரிந்துவைத்திருந்தேன்.

அம்மை போட்டவள் வெளியே போகக் கூடாது, வெயில் படக் கூடாது, வேற்று ஆள் வரக் கூடாது. போனில் பேசக்கூட அம்மா விடவில்லை. வீட்டு வேலையை என் கணவர் பார்த்துக்கொண்டார். தினமும் வந்து கதவருகே நின்று சொல்வார்.

"எல்லாம் நீ சொன்னபடிதான் நடக்குது."

"அம்மா ரூம் பூச்சு முடிஞ்சுதா?"

"முடிஞ்சுகிட்டே இருக்கு."

"ஞாயித்துக்கிழமை நாலு பேரையும் வெச்சுதானே பேசினீங்க?"

"நாலு பேரையும் வெச்சுதான்."

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் என் முதுகை வருடிக்கொண்டிருப்பாள். இந்தப் பேச்சு நடக்கும்போது அந்தக் கொத்து ஒரு கணமாவது நின்றதா என்று பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நிற்கவில்லை. அதே வேகத்தில் வருடிக்கொண்டிருந்தது. எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான்.

வெள்ளிக்கிழமைகளில் அம்மா எனக்காக அம்மன் கோயில் தீர்த்தம் வாங்கக் கிழக்குத் தாம்பரம் பக்கம் போவாள். ஸ்டேஷன் நடைபாலம் ஏறி இறங்க வேண்டும், உனக்கு எதற்கு முழங்கால் வலியோடு என்பேன். கேட்கமாட்டாள். தாமதமாகத்தான் வருவாள். கோயிலில் கூட்டம் என்பாள். ஒருமுறை புடவை ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. விபூதி என்று நினைத்தேன்.

சரித்திரப் புத்தகம் படிக்கும்போது ராஜா படுக்கையில் விழுந்த மாதங்களைத் தனியாகக் கவனிப்பது என் பழக்கம். ஆணைகள் மாறுவது பெரும்பாலும் அப்போதுதான். பிள்ளைகளுக்கும் அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நான் படுத்திருந்தபோது அது என் நினைவுக்கு வரவேயில்லை.

சித்திரை பிறந்த பிறகு மூன்றாம் தண்ணீர் ஊற்றினார்கள். அத்தோடு அம்மை இறங்கிவிட்டது என்று கணக்கு. மறுநாள் காலை வாசலில் ஆசாரியின் குரல் கேட்டது. வேப்பிலை இன்னும் கட்டியிருந்ததால் கேட்டுக்கு வெளியிலேயே நின்றிருந்தார். அம்மா போனாள். நான் ஜன்னலை ஒட்டிப் படுத்திருந்தேன்.

"பெரிம்மா, மூணாந் தண்ணி ஊத்தியாச்சா?"

"ஊத்தியாச்சு. நீங்க போயிட்டு மாப்பிள்ளை வந்ததும் வாங்க."

"சாரு எங்க வராரு. வாசக்காலு ரெடியாயி சும்மா சாஞ்சிகினு கீது. ஊட்ல மாரியாத்தா வெளையாடிக்கினு இருக்க சொல்லோ வாசக்கால நிறுத்தக் கூடாதுனுதான் இத்தினி நாளு வெயிட் பண்ணேன். மஞ்சா, குங்குமம், பூ, நவரத்னம் ஒரு பொட்லம், அவ்ளோதான். டீச்சரு கையால வெச்சா நல்லது."

"சரி சரி, அப்புறம் பேசிக்கலாம்."

"எந்த வாசக்கால்?" என்று நான் உள்ளிருந்து கேட்டேன்.

எங்கள் தலைவாசலுக்கு வாசக்கால் ஐப்பசியிலேயே நிறுத்தியாயிற்று. ஒரு வீட்டுக்கு ஒரு வாசக்கால். உள் அறைகளின் நிலைக்கு யாரும் பூஜை போடுவதில்லை.

"தெரு பக்கத்து வாசலு, டீச்சர். பெரிம்மா ரூமுக்கு."

"அந்த ரூமுக்குத் தெருப் பக்கம் ஜன்னல்தானே."

"ஜன்னல எட்த்தாச்சே." பிறகு அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "இன்னா பெரிம்மா, டீச்சருக்குத் தெரியாதா? பேஜாரா பூட்ச்சே."

அம்மா உள்ளே வந்தாள். என் பக்கம் பார்க்காமல் முறத்தை எடுத்து அரிசியைப் புடைக்க ஆரம்பித்தாள். அந்த நிமிடத்தில் குற்றவாளி என் கணவர்தான் என்று நிச்சயமாக நம்பினேன். எனக்குத் தெரியாமல் அந்த அறையை வாடகைக்கு விடும் போர்ஷனாக மாற்றுகிறார், பாவம் அம்மாவுக்கு அது தெரிந்து, சொல்ல வாயில்லாமல் தவிக்கிறாள் என்று ஒரு முழுக் கதையையே கட்டிவிட்டேன்.

"வெயில்ல போகாதே. அம்மைப் பொருக்குகூட இன்னும் உதிரல," என்றாள் அம்மா. முந்தானையைத் தலையில் போர்த்திக்கொண்டு கிளம்பினேன்.

தெருவில் நின்று பார்த்தபோதே தெரிந்தது. ஜன்னல் இருந்த இடத்தில் தரைவரை திறப்பு. இரண்டு படிகள்கூடக் கட்டியிருந்தார்கள். புதிய தேக்கு வாசக்கால் சுவரில் சாய்ந்திருந்தது. உள்ளே போய்ச் சாப்பாட்டு ஹாலில் நின்றேன். கதவு இருந்த இடத்தில் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். என் பக்கம் மட்டும் இன்னும் பூசவில்லை. வேங்கை நிலை தரையில் கிடந்தது, அதன் தலையில் என் கையெழுத்தில் தேதியோடு.

மேஸ்திரியும் பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் அங்கேதான் இருந்தார்கள். மேஸ்திரி கையிலிருந்த கரணையைத் தண்ணீரில் போட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"யார் சொன்னது?"

"சார்தான் சொன்னாரு, டீச்சரம்மா."

"ஞாயித்துக்கிழமையா?"

"தனித்தனியா," என்றான் எலக்ட்ரீஷியன். "எனக்குத் தனி மீட்டருக்குப் பைப் போடச் சொன்னாரு மேடம். மேடத்துக்குத் தெரியும்னாரு."

"எனக்கு மேடைக்கு ஒரு லைன், தொட்டிக்கு ஒரு லைன், அவ்வளவுதான் அக்கா. மத்தவங்களுக்கு இன்னா சொன்னாருன்னு நான் கேக்கல."

"மேடையா?"

அப்போதுதான் அறைக்குள் சுற்றிப்போய்ப் பார்த்தேன். தெருவிலிருந்துதான் போக முடிந்தது. கட்டிலோரச் சுவிட்சுக்கு நான் மஞ்சள் கோடு போட்டிருந்த மூலையில் ஒரு சமையல் மேடை. சின்னதாக ஒரு தொட்டி. சுவரில் என் வண்ணச் சாக்பீஸ் கோடுகளுக்கு மேலேயே அடுப்புக்கரியால் புதிய கோடுகள். எதிலும் தேதி இல்லை.

மேடைக்கு அருகே போய் நின்றேன். அது என் இடுப்புக்கும் கீழே இருந்தது. என் வீட்டு மேடையைவிட ஒரு சாண் தாழ்வு. வாடகைக்கு வருகிறவர்களுக்காக யாரும் மேடையை அவ்வளவு தாழ்வாகப் போடமாட்டார்கள். குனிந்துதான் சமைக்க முடியும். எங்கள் குடும்பத்தில் அந்த உயரத்துக்குப் பொருந்தும் ஆள் ஒருத்திதான். என் தோள் உயரமே இருக்கும் அம்மா. மேடையின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மேஸ்திரி வாசல் திறப்பில் நின்றிருந்தார்.

"அளவு யார் கொடுத்தது?"

"பெரியம்மாவே வந்து நின்னாங்க. அவங்க இடுப்புக்கு நேரா கரியால கோடு போட்டுக்கிட்டேன்."

"எப்ப?"

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வருவாங்க, டீச்சரம்மா. கோயிலுக்குப் போயிட்டு."

மேடையோரத்துக் கரிக்கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தேன். மேஸ்திரியே மேலும் சொன்னார்: "சொல்லாதேன்னு பெரியம்மா கையப் புடிச்சிக்கிட்டு கேட்டாங்க. அம்மை போட்டவங்க மனசு நோகக் கூடாதுனு வேற சொன்னாங்க. ஆசாரி மட்டும்தான், உள்ரூம் நிலையத் தூக்கி வாசலுக்கு வெக்க மாட்டேன், புதுசுதான் வெப்பேன், பூஜை போட்டுத்தான் வெப்பேன்னு ஒத்தக் கால்ல நின்னாரு."

அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் எனக்குப் புதுமனை புகுவிழா அன்றுதான் தெரிந்திருக்கும்.

என் கணவர் ஷிஃப்ட் முடிந்து நேரே அங்கே வந்தார். ஆசாரி போன் செய்திருக்க வேண்டும். ஸ்கூட்டரை அணைக்காமலே தெருவில் நின்றார்.

"அத்தை கேட்டாங்க," என்றார். "வேணாம்னு நான் எப்படிச் சொல்றது? எங்ககூட உள்ளே இருந்தா சரி, தனியா இருக்கணும்னா எனக்கு இஷ்டமில்லைனு ஒரு மாப்பிள்ளை சொல்ல முடியுமா?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அதைத்தான் அவங்களும் சொன்னாங்க."

இருவரும் உட்கார்ந்து என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். நான் என்ன சொல்வேன், எப்படி மறுப்பேன், எத்தனை நாள் எழுந்திருக்க மாட்டேன் என்று எல்லாம் கணித்திருக்கிறார்கள். நான் பக்கத்து அறையில் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தபோது. நியாயம் அவர்கள் பக்கம் இருந்ததா என்பது வேறு விஷயம். அதைப் பற்றிப் பேச எனக்கு அப்போது முடியவில்லை. இப்போதும் அவ்வளவாக முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். அவள் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு என்ன குறை வெச்சேன்?"

"குறை ஒண்ணும் இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

"நீ ஸ்கூல்லேர்ந்து வந்ததும் சாப்பிட்டியாம்மானு கேப்ப. சாப்பிட்டேன்னு தினமும் நான் பதில் சொல்லணும். மாப்பிள்ளை வந்தா டிவி சத்தத்தக் குறைப்பார். யாராவது வந்தா, அம்மா எங்ககூடத்தான் இருக்காங்கனு நீ சொல்லுவ. அண்ணன்கிட்ட இருந்தேன், அது வேற. இது மாப்பிள்ளை வீடு."

"இது என் வீடு. நான் நின்னு கட்டினது."

"தெரியும். அதான் உன்கிட்ட சொல்லல." புளிச் சக்கையைப் பிழிந்து ஓரமாக வைத்தாள். "எனக்குனு ஒரு அடுப்பு. எனக்குனு ஒரு வாசல். வேணும்னா உன் வீட்டுக்கு வருவேன்."

"கதவு இருந்தா என்ன போச்சு? பூட்டிக்கலாமே உன் பக்கம்."

"கதவு இருந்தா நீ திறப்ப," என்றாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரையும் வரச் சொன்னேன். டீயும் பஜ்ஜியும் வாங்கிப் போனேன். என் கணவரும் இருந்தார். அம்மா, முழங்கால் வலியோடு, ஒரு சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். அடைத்த செங்கல்மேல் சிவப்புச் சாக்பீஸால் பெரிய சதுரம் போட்டு, தேதி எழுதினேன்.

"இதை உடைச்சிடுங்க. வாசலும் மேடையும் அப்படியே இருக்கட்டும். இந்தக் கதவு மட்டும் வேணும்."

யாரும் அசையவில்லை. பிளம்பர் பஜ்ஜிக் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தார். எலக்ட்ரீஷியன் தன் செருப்பைப் பார்த்தான். மேஸ்திரி அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையை ஆட்டவில்லை, மறுக்கவும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"பெரியம்மா ஒரு வார்த்தை சொல்லட்டும், டீச்சரம்மா," என்றார் மேஸ்திரி.

"நாலு பேரும் நிக்கும்போது நான் சொல்றேன். அதுதானே நம்ம பேச்சு?"

"பேச்சு அதான். ஆனா அது அவங்க ரூமாச்சே."

எட்டு மாதம் என் சாக்பீஸ் கோட்டை ஒரு நூல்கூடத் தாண்டாதவர்கள். கோடு போட்ட இடத்தில் எதற்கு என்று கேட்காமல் உளியை வைத்தவர்கள். அன்று ஒருவர் கையும் சுத்தியலுக்குப் போகவில்லை. என் கணவர் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போகிறவர்போல் வெளியே நடந்தார்.

கடைசியில் ஆசாரிதான் வாயைத் திறந்தார். "டீச்சர், அந்த வேங்க நிலை வீணாக் கெடக்குது. அதே எடத்துல நிறுத்தி, பலகை அடிச்சித் தரேன். பொஸ்தகம் வெச்சிக்கோங்க. நெறையா வெச்சிருக்கீங்கோ இல்ல."

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் சரி என்று எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டு ஹாலில் கதவின் அளவில் ஒரு புத்தக அலமாரி இருப்பது அப்படித்தான். பின்னால் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அம்மாவின் மிக்ஸி சத்தம் கேட்கும். இருமல் கேட்காது. என் வீட்டுக்கு வர வேண்டுமென்றால் அவள் தன் வாசலைப் பூட்டி, தெருவில் இறங்கி, எங்கள் வாசலில் மணி அடித்துவிட்டு நிற்பாள். மழையிலும் அப்படித்தான்.

தெருப் பக்கத்து வாசக்காலுக்குப் பூஜை நான்தான் செய்தேன். மறுத்திருக்கலாம். அம்மா குடியிருக்கப்போகும் வாசலுக்கு மஞ்சள் வைக்க மாட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. பொருக்கு உதிர்ந்த தழும்புகளோடு இருந்த கையால் குங்குமம் வைத்தேன். ஆசாரி நவரத்தினப் பொட்டலத்தை நிலைக்கடியில் போட்டார். அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டாள். எதற்காக வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

வைகாசியில் புதுமனை புகுவிழா. விடியுமுன் ஹோமம் முடிந்து, என் சமையலறையில் பால் காய்ச்சினோம். பொங்கி வழிந்தது. எல்லோருக்கும் கொடுத்தேன். நால்வரும் புது வேட்டி, துண்டு வாங்கிக்கொண்டு நின்றார்கள். கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் அம்மாவைக் காணோம். தெருவில் இறங்கிப் போய்ப் பார்த்தேன். அவள் வாசலில் சின்னதாக ஒரு கோலம் போட்டிருந்தது. உள்ளே, அந்தத் தாழ்ந்த மேடையில், புது அடுப்பில், அவள் தனியாகப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். மேஸ்திரியும் ஆசாரியும் பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் எனக்கு முன்னாலேயே அங்கே வந்து, சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். என் கணவர் டம்ளர்களைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தது நான் படியேறியதும் நின்றது.

"ஒருவழியா அடுப்பு ஏத்தியாச்சு, பெரிம்மா," என்றார் ஆசாரி.

பால் பொங்கியது. அம்மா சர்க்கரை போட்டு, ஆற்றி, முதல் டம்ளரை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தாள். கூடவே ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, ஒரு ரவிக்கைத் துணி. வீட்டுக்கு வந்த சுமங்கலிக்குக் கொடுக்கிற மாதிரி. அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அப்பா இருந்தபோது பார்த்தது.

"எடுத்துக்கோ."

நான் வாசலுக்கு உள்ளே போகவில்லை. நானே மஞ்சள் பூசிய வாசக்காலைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றேன்.

"வேணாம்மா," என்றேன். "எங்க வீட்டுல குடிச்சாச்சு."

அம்மா நீட்டிய டம்ளரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு திரும்பிப் போய் மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு, அடுப்பை அணைத்தாள்.